குடைத்துணித் தொப்பி

கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஃபிளெக்ஸ், டீசர்ட், பைக் ஸ்டிக்கர், டீ குடிக்கிற கப் என்று எதில் கேட்டாலும் படம் அடித்துக் கொடுப்பேன். என் கம்ப்யூட்டரில் அதிகம் திறக்கிற படம் சாமி படமும் இல்லை, நடிகர் படமும் இல்லை. மடக்கி உயர்த்திய ஒரு கறுப்புக் கை. பையன்கள் வந்து, "அக்கா, அந்தக் கையப் போட்டுக் குடுங்க" என்பார்கள். எந்தக் கை என்று நான் கேட்பதே இல்லை. எங்கள் காலனிப் பையன்களும் அதைத்தான் கேட்பார்கள், ஊருக்குள்ளிருந்து வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். ஊர்க்காரப் பையன்கள் படத்தில் இருக்கிற அந்தக் கையின் மணிக்கட்டில் தங்கள் சாதிக் கயிற்றை மட்டும் வரைந்து கட்டிவிடச் சொல்வார்கள். நானும் கட்டிவிடுவேன். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

ஒருநாள் அந்தக் கை ஸ்கிரீனில் இருந்தபோது அவர் வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. காலனியில் பாதிப் பேருக்கு அவர் சித்தப்பாதான். ஆதார் கார்டை நகலெடுக்க வந்தவர், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு படத்தையே பார்த்தார்.

"இது யாரு கை, ஆத்தா?"

"அமெரிக்காக் கறுப்பருங்க கை சித்தப்பா. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். உள்ள என்ன வச்சிருக்காகன்னு பாக்குறேன்."

"மூடுன கைக்குள்ள என்ன இருக்கும்?"

"ஒரு பிடி அரிசியாவது இருக்கணும்ல" என்றார். சிரிக்கவில்லை. நகலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் பேச்சு இப்படித்தான் இருக்கும். அவரிடம் யாரும் வீரக்கதை சொல்லி ஜெயித்துவிட முடியாது. அங்கே அடித்தார்கள், இங்கே கொடி ஏற்றினார்கள், பஸ்ஸை மறித்தார்கள் என்று எவனாவது மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பான். முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, மறுநாள்?" என்பார். மறுநாள் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. கல்யாண வீட்டிலும் கேட்பார், இழவு வீட்டிலும் கேட்பார். பாதிப் பேர் அவரைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்கே பல தடவை எரிச்சல் வந்திருக்கிறது. மனுசன் கொஞ்சம் சந்தோசமாக இருந்தால் பொறுக்காதா இவருக்கு என்று நினைத்திருக்கிறேன்.

அவருக்கு வந்த மறுநாள் எங்கள் காலனிக்கே தெரியும். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று இருந்த, காது வைத்த கண்ணாடி கிளாஸ், கடைக்கு வெளியே பந்தல்காலில் ஆணியில் தொங்கும். நின்றபடி குடித்துவிட்டு நாமே கழுவி மாட்ட வேண்டும். அவர் அப்போது இளவட்டம். வெளியூரிலிருந்து யாரோ கொண்டுவந்த சின்னப் புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் கறுப்பர்கள் துப்பாக்கியும் கறுப்புச் சட்டையும் சாய்ந்த வட்டத் தொப்பியுமாக வரிசையில் நிற்கிற படம் அதில் இருந்தது. அச்சு அவ்வளவு மோசம். மை அப்பிப்போய் யார் முகமும் தெரியவில்லை, தொப்பி மட்டும்தான் தெரிந்தது. "மூஞ்சி தெரியாததுனாலதான் அது நாங்கன்னு தோணிருச்சு" என்று பின்னால் ஒருதரம் என்னிடம் சொன்னார்.

அந்தத் தொப்பிதான் வேண்டும் என்று அவரும் கூட்டாளிகளும் முடிவு செய்தார்கள். காலனித் தையல்காரர் அப்படி ஒரு தொப்பியைக் கண்ணால் கண்டவரில்லை. தடித்த கறுப்புத் துணியும் கிடைக்கவில்லை. கடைசியில் வீடு வீடாகப் போய்க் கிழிந்த குடைகளை வாங்கி, கம்பியை உருவிப்போட்டு, அந்தத் துணியில் தைத்தார். தலையில் வைத்தால் இட்லித் துணியைக் கவிழ்த்தது மாதிரி இருந்ததாம். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தார்கள். வேர்வையில் சாயம் இறங்கிக் காதோரம் கறுப்பாக வழிந்தது. டீக்கடைக்காரர் முதலில் ஏதோ நாடக செட்டு என்று நினைத்து, "வாங்க, வாங்க" என்றாராம். உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் குடிக்கிற கிளாஸில் டீ வாங்கிக் குடித்தார்கள். குடித்து முடித்துவிட்டு, ஆணியில் தொங்கிய கிளாஸை எடுத்து ரோட்டில் போட்டு உடைத்தார்கள். அதற்கப்புறம்தான் அது நாடகமில்லை என்று டீக்கடைக்காரருக்குப் புரிந்தது.

இந்தக் கதையை எங்கள் பையன்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். விசில் அடிக்க இதுதான் நல்ல இடம்.

மறுநாள் காலையில் காலனியில் ஒருத்தரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. முந்திரிக்கொட்டை பொறுக்குகிற காலம். பெண்கள் கூடையோடு தோப்பு வேலிவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். கடையில் அரிசி கொடுக்கவில்லை, அரவை மில்லில் நெல்லை வாங்கவில்லை. எங்கள் மாட்டுப் பாலைக்கூட யாரும் வாங்கவில்லை. அவரோடு தொப்பி போட்டு நடந்த கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்தார்கள். "நல்லாத்தானே இருந்தோம், எவன் ஒன்னயத் தொப்பி போடச் சொன்னது?" என்று என் அம்மாவே அவரை வாசலில் வைத்து ஏசியிருக்கிறாள்.

அந்தப் புத்தகத்தின் பின்பக்கங்களில் இன்னொரு சங்கதி இருந்திருக்கிறது. அந்தத் தொப்பிக்காரர்கள் தினம் விடியலில் எழுந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டார்களாம். துப்பாக்கி வைத்திருந்தவன் கையில் கரண்டியும் இருந்தது என்பதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டுக் காலனிகளுக்குப் போனார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவையுங்கள் என்று பெண்களிடம் கேட்டார். கோயில் காரியத்துக்குப் பிடி அரிசி எடுத்து வைப்பது எல்லா வீட்டிலும் இருந்த பழக்கம்தான். அதைப் பிள்ளைகளுக்குத் திருப்பிவிட்டார். அந்த அரிசியில் கஞ்சி. தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயோ துவையலோ இருக்கும். நான் அதைக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். ஊர் சமாதானமாகி வேலைக்குக் கூப்பிட ஆரம்பித்த பிறகும் அவர் கஞ்சியை நிறுத்தவில்லை. அம்மாக்கள் விடியலில் தோப்புக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் வெறும் வயிற்றோடு போகும் என்றார். எனக்குப் பின்னால் பிறந்த என் தம்பியும் அந்தக் கஞ்சியில் வளர்ந்தவன்தான்.

கிளாஸ் உடைத்ததற்கு அவர்மேல் கேஸ். அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்கு எல்லாம் முடிந்து ஆர்டர் வரவேண்டிய நேரம். கேஸ் இருக்கிறது என்று சொல்லி வேலை போய்விட்டது. புதுக்கோட்டைக் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக அலைந்தார். கோர்ட்டுக்கு அலைகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. கொத்தனார் வேலைக்குப் போனார். காலையில் கஞ்சி, பகலில் சாந்துச் சட்டி, மாதத்தில் ஒருநாள் கோர்ட்டு. அந்தக் கேஸில் விடுதலையானபோது அவர் தலை நரைத்துவிட்டது. வாங்கிய விடுதலையை வைத்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரரோ அதற்குள் பேப்பர் கப்புக்கு மாறியிருந்தார். எங்களுக்குப் பேப்பர் கப், ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கேட்டால் சுத்தம், சுகாதாரம் என்பார்.

பள்ளிக்கூடங்களில் அரசாங்கமே காலைச் சாப்பாடு போட ஆரம்பித்த அன்று அவர் பள்ளி கேட்டில் நின்று வெகுநேரம் பார்த்தார். "நம்ம வேலைய சர்க்காரு எடுத்துக்கிருச்சு. இனிமே கொஞ்சம் தூங்கலாம், ஆத்தா" என்றார். அவரை நான் சந்தோசமாகப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு அந்தப் படம் வந்தது. பேர் வேண்டாம். அதில் கதாநாயகன் கறுப்புத் தொப்பியோடு வந்து கையை மடக்கி உயர்த்துகிற இடத்தில் தியேட்டரே எழுந்து நின்றது. எங்கள் பையன்கள் மூன்று பைக்கில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து என் கடை வாசலில் டீ குடிக்கும்போது, "எப்புடி சித்தப்பா படம்?" என்று தம்பி கேட்டான்.

"நல்லாத்தான் எடுத்திருக்காக. பண்ணையார வெட்டிப்புட்டு அந்தப் புள்ள நடந்து போறான். பாட்டப் போட்டு முடிச்சுட்டாக. மறுநாள் அந்தத் தெருவுல அடுப்பு எரிஞ்சுச்சா?"

"அய்ய, படத்துல போயி இதெல்லாம் கேப்பாகளா?"

"படத்துல காட்டாததத்தான கேக்க முடியும்."

பையன்கள் சிரித்தார்கள். மறுவாரமே அந்தத் தொப்பியை ஆன்லைனில் வரவழைத்தார்கள். கை படம் போட்ட டீசர்ட்டை என்னிடம் அடித்துக்கொண்டார்கள். அம்மன் கோயில் திருவிழா வந்தது. முக்கு ரோட்டில் காலனி சார்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதிலும் அந்தக் கைதான். காலையில் பார்த்தால் யாரோ அதைக் குறுக்கே கிழித்துவிட்டிருந்தார்கள். தம்பி கொதித்துப்போய் என் கடைக்கு வந்தான். சித்தப்பாவும் அங்கே இருந்தார்.

"இன்னைக்கி ஊர்க்காரவுக வரவேற்பு வளைவுல இருக்குற தட்டி கிழியும்" என்றான் தம்பி.

"கிழி. மறுநாளைக்கி என்ன வச்சிருக்க?"

"நீங்க செஞ்சா போராட்டம், நாங்க செஞ்சா ரீல்ஸா சித்தப்பா?"

"நான் அப்புடிச் சொல்லல. மறுநாளைக்கி என்ன வச்சிருக்கன்னு கேட்டேன். தோப்பு வேலைக்குப் போற பொம்பளைகளுக்கு என்ன வச்சிருக்க? ஒனக்கு என்ன வச்சிருக்க? போலீசு வேலைக்கு எழுதிப் பாசாயிட்டு உக்காந்திருக்கியேடா."

"பயந்துட்டீங்க சித்தப்பா. அம்புட்டுத்தான்."

"ஆமா, பயந்தான்" என்றார். "மறுநாளுக்குப் பயந்ததுனாலதான் ஒங்களுக்கெல்லாம் கஞ்சி கெடச்சுச்சு."

தம்பி காது கொடுக்கவில்லை. சாயங்காலம் முகத்தில் துண்டைச் சுற்றி, தலையில் அந்தத் தொப்பியோடு, ஊர் வரவேற்பு வளைவில் ஏறித் தட்டியைக் கத்தியால் கிழித்தான். கூட்டாளி பின்னாலிருந்து வீடியோ எடுத்து, படப் பாட்டைச் சேர்த்துப் போட்டுவிட்டான். மறுநாள் மதியத்துக்குள் தாலுகாவே பார்த்துவிட்டது. முதுகும் தொப்பியும் மட்டும்தான் தெரிந்தது. தொப்பிக்காரனைப் பிடி என்று ஊர்க்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். தம்பி வேலைக்கு வெரிஃபிகேஷன் வரவேண்டியதும் அதே ஸ்டேஷன்தான். எஃப்.ஐ.ஆரில் அவன் பேர் ஏறினால் வேலை போச்சு. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். முந்தின நாள் வளைவில் ஏறிய வீரன், கொல்லைப் பக்கம் குத்தவைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சித்தப்பா வந்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை. "தொப்பி எங்கடா?" என்று மட்டும் கேட்டார். தம்பி எடுத்துக் கொடுத்தான். வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, தலையில் வைத்தார். கச்சிதமாக இருந்தது.

"இதுதான்டா தொப்பி. எங்களுக்கு இப்புடிக் கெடைக்கல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வண்டிய எடு ஆத்தா, ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துருவோம்" என்றார்.

வழியில் நான் கத்தினேன். "என்ன சித்தப்பா கூத்து இது? வேணாம் வேணாம்னு சொன்னவரு நீங்க. அவன் செஞ்சதுக்கு நீங்க ஏன் போகணும்?"

"எனக்கு வந்த மறுநாள் அவனுக்கு வரக்கூடாது. நம்ம தெருவுலருந்து ஒருத்தன் அந்த ஸ்டேஷனுக்குள்ள நாற்காலியில உக்காரட்டும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

இன்ஸ்பெக்டர் வீடியோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரியவரே, இதுல ஏறுறவன் கொரங்காட்டம் ஏறுறான். ஸ்டேஷன் படி ஏறவே ஒங்களுக்கு மூச்சு வாங்குது."

"கோவம் வந்தா ஏறலாம் சார்."

"யாரையோ காப்பாத்துறீங்க."

"தொப்பி என்னோடது சார். ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாக."

அது உண்மைதான். வெளியே இருந்தவர்கள் அவரைத் தொப்பியோடு பார்த்ததும், "அப்பவே நெனச்சோம், இந்தாளுதான்" என்று எழுந்துவிட்டார்கள். ஊருக்கு ஒரு ஆள் தேவை, ஸ்டேஷனுக்கு அன்றைக்கே கணக்கு முடிய வேண்டும். பழைய கேஸ் உள்ள ஆள் தானாக வந்து நிற்கிறார். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதச் சொன்னார்.

ரிமாண்ட் ஆகி, கண்டிஷன் பெயிலில் வந்தார். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சர்க்கரை வியாதி. ஜெயிலில் காலில் வந்த புண் ஆறவில்லை. அந்தக் காலோடு பஸ் ஏறி இறங்கினார். வாருங்கள், வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "கடையப் பாரு ஆத்தா, நானே போயிட்டு வாரேன்" என்பார். இதற்குள் தம்பிக்கு ஆர்டர் வந்து டிரெய்னிங் போய்விட்டான். போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. யாராவது பார்த்தால் வேலைக்கு வம்பாகிவிடும் என்றான். ஃபோனும் பண்ணவில்லை. அதில் பதிவாகுமாம். நான் திட்டினேன். சித்தப்பா, "அவன் சொல்றதும் சரிதான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம் அந்த மனுசன்.

ஆடி மாதம் புண் புரையோடி, ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். கேஸ் நடந்துகொண்டே இருந்தது.

படத்திறப்பு வைக்க வேண்டும் என்று பையன்கள் கிளம்பினார்கள். ஃபிளெக்ஸ் என் கடையில்தான். அவருக்கு நல்ல போட்டோவே இல்லை. ஆதார் கார்டில் இருந்த முகத்தை எடுத்துப் பெரிதாக்கினோம். நெட்டிலிருந்து ஒரு தொப்பியை இறக்கி வைக்கச் சொன்னார்கள். பின்னால் அந்தக் கை. மேலே எழுத வாசகம் கொண்டுவந்திருந்தார்கள்: வரவேற்பு வளைவுத் தட்டியைக் கிழித்தெறிந்த வீரரே. ஏறியது யார் என்பது எங்கள் வீட்டுக்கும் வீடியோ எடுத்தவனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

"கஞ்சி ஊத்துனத எழுதலையாடா? நீங்க அம்புட்டுப் பேரும் அதக் குடிச்சவய்ங்கதானே?" என்று கேட்டேன்.

"அது மாஸா இருக்காதுக்கா" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன், "கஞ்சின்னா இரக்கமா போயிரும்க்கா, கெத்தா வேணும்" என்றான். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. நிஜமாகவே அவருக்காக அழுதவர்கள். அதனால்தான் அறைய முடியவில்லை. அடித்துக் கொடுத்தேன்.

கூட்டம் காலனி முகப்பில் சாயங்காலம் நடந்தது. பந்தல், ஸ்பீக்கர், வெளியூர்ப் பேச்சாளர்கள். எல்லாரும் வளைவில் ஏறிய கதையைச் சொன்னார்கள். ஒருவர் அவர் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். இன்னொருவர் அமெரிக்காவையும் நம்ம ஊரையும் சேர்த்து முழங்கினார். வாழ்நாளெல்லாம் எதை வேண்டாம் என்று அந்த மனுசன் மல்லுக்கட்டினாரோ, அதைச் செய்தவர் என்று சொல்லியே அவரைக் கும்பிட்டார்கள். கஞ்சியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி லீவில் வந்திருந்தான். போலீஸ் கட்டிங் தலையோடு, சாதாரணச் சட்டையில், பந்தல் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அவரு ஸ்டேஷனுக்குப் போனப்ப கூடப் போனது இந்த அக்காதான். ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்று என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

எழுந்து நின்றேன். அவர் ஏறவில்லை, ஏறாதே என்று சொன்னவர் அவர், ஏறியவன் அந்தக் கடைசியில் நிற்கிறான், நாங்களெல்லாம் குடித்தது அவர் கஞ்சி என்று சொல்லிவிடத்தான் மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. ரோட்டோரம் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேசினால் அந்தச் சீருடை நாளைக்கே கழன்றுவிடும். எதற்காக அந்த மனுசன் புண்காலோடு நடந்தாரோ அது மண்ணாகிவிடும். பேசாவிட்டால் அவர் தட்டி கிழித்தவர்தான், என்றைக்கும்.

"ஆமா" என்றேன். "அவருதான் கிழிச்சாரு."

முதலில் கை தட்டியது என் தம்பிதான்.